வலியறிந்து பயிற்றல்

நுழையும்முன்

ஓட்டக் களத்தில் சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு போட்டியை உலகம் காண்கிறது. அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் பல ஆண்டுகளின் மாலைப் பொழுதுகள் உள்ளன. அம்மாலைகளை எவ்வாறு அமைக்க வேண்டும் என முன்னரே சிந்தித்து வைத்தவர் பயிற்றுநர். ஒரு நாள் பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி என்பதை, மதுரை மண்ணில் வளர்ந்த ஓட்ட வீராங்கனை ஒருவரின் வாழ்வோடு இணைத்து இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாலைக் காட்சி

வருவாய் மாவட்டப் போட்டிக்கு இன்னும் பத்து நாள்களே உள்ளன. பள்ளி விட்டதும் இருபது மாணவியர் மைதானத்தில் கூடுகின்றனர். "எல்லாரும் பத்துச் சுற்று ஓடுங்கள்" என்பதே அன்றைய கட்டளை. நூறு மீட்டர் ஓடுபவரும், குண்டு எறிபவரும், உயரம் தாண்டுபவரும் ஒன்றாகவே ஓடுகின்றனர். மறுநாள் பன்னிரண்டு சுற்று. அதற்கு மறுநாள் பதினைந்து. ஆறாம் நாள் ஒரு மாணவி முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலிக்கிறது என்கிறாள். "ஓடினால் சரியாகிவிடும்" என்ற விடை கிடைக்கிறது. போட்டி நாளில் அவள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் வீட்டிலோ, "காலைக் கெடுத்துக்கொண்டது போதும், இனி ஓட வேண்டாம்" என்ற முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இந்தக் காட்சியில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆர்வம் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. திட்டம் மட்டும் இல்லை. முதல் தலைமுறையாகக் களத்திற்கு வரும் ஒரு பெண்ணுக்கு இரண்டாம் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, பயிற்சியைத் திட்டமிடாமை என்பது சிறு கவனக்குறைவாக நின்றுவிடாமல், ஒருவரின் எதிர்காலத்தையே அடைத்துவிடக்கூடும்.

சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ வரை

மதுரைக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் சக்கிமங்கலம். அங்குப் பிறந்த ரேவதி வீரமணி இளம் அகவையிலேயே பெற்றோரை இழந்தவர். அவரையும் அவருடைய தங்கையையும் பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் கூலி வேலை செய்து பேத்தியரைப் படிக்க வைத்தார். பெண் பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பினால் என்ன என்று உறவினர் கேட்டபோதும் அவர் இணங்கவில்லை.

பள்ளிப் போட்டியொன்றில் ரேவதி ஓடுவதைத் தடகளப் பயிற்றுநர் கண்ணன் கண்டார். அப்போது ரேவதியின் கால்களில் காலணி இல்லை. விளையாட்டுக்கு அனுப்பப் பாட்டி முதலில் தயங்கினார். பயிற்றுநர் நேரில் பேசி இசைவு பெற்றார். மதுரை லேடி டோக் கல்லூரியில் சேரவும் விடுதியில் தங்கவும் வழி செய்தார். கல்லூரிப் போட்டிகளிலும், 2016ஆம் ஆண்டு இளையோர் தேசியப் போட்டியிலும் ரேவதி வெறுங்காலுடனேயே ஓடினார். காலணியும் முறையான உணவும் பின்னர் பயிற்றுநரின் முயற்சியால் கிடைத்தன.

2021ஆம் ஆண்டு சூலையில் பாட்டியாலாவில் நடைபெற்ற தகுதிப் போட்டியில் 400 மீட்டரை 53.55 நொடியில் ஓடி ரேவதி முதலிடம் பெற்றார். அதன் பயனாக டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்ட அணியில் இடம்பெற்றார். முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோர் உடன் ஓடினர். அந்நால்வருள் மூவர் தமிழ்நாட்டினர்.

திறமையைக் கண்டறிந்தவுடன் பயிற்றுநர் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வீட்டாரின் இசைவு, கல்லூரி, தங்குமிடம், உணவு, காலணி ஆகிய யாவும் பயிற்சித் திட்டத்தின் பகுதிகளாகவே அமைந்தன. பயிற்சித் திட்டம் ஓடுதளத்தில் தொடங்குவதில்லை. ஓட வருபவரின் வாழ்நிலையை அறிவதில் தொடங்குகிறது.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசனுக்குச் சொல்லப்பட்ட இவ்வரிசை, பயிற்றுநருக்கும் அப்படியே பொருந்துகிறது.

தெரிந்து செய்தல்

"இன்று மாலை என்ன செய்யப் போகிறோம்?" என்ற வினாவிற்கு ஒரே தொடரில் விடை கூற இயலுமானால் அன்றைய பயிற்சிக்கு நோக்கம் இருக்கிறது எனலாம். "நன்றாக ஓடப் போகிறோம்" என்பது நோக்கம் ஆகாது. "400 மீட்டரின் முதற்பாதியை அளவான வேகத்தில் ஓடப் பழகப் போகிறோம்" என்பது நோக்கம். அதனை நிறுத்துக்கடிகாரத்தால் அளக்கலாம். மாலை முடிவில் நிறைவேறியதா என்றும் கூறலாம்.

ஒரு நாளுக்கு ஒரு நோக்கமே போதும். வேகம், வலிமை, தாங்குதிறன், நுட்பம் ஆகிய அனைத்தையும் ஒரே மாலையில் வளர்க்க முயன்றால் எதுவும் முழுமையாக வளராது. புதிய நுட்பத்தையும் உச்ச வேகத்தையும் களைப்பில்லாத உடலால்தான் கற்க முடியும். எனவே, அவை பயிற்சியின் முற்பகுதியில் இடம்பெற வேண்டும். தாங்குதிறன் பயிற்சி பிற்பகுதிக்கு உரியது. இவ்வரிசை மாறினால், களைத்த கால்கள் தவறான அசைவையே பழக்கமாக்கிக்கொள்ளும்.

வலியறிதல்

வள்ளுவர் கூறும் வலி என்பது வலிமை. இன்றைய வழக்கில் அச்சொல் நோவையும் குறிக்கிறது. பயிற்றுநர் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பயிற்சியின்போது உடல் வலிமை பெறுவதில்லை, சற்றே தளர்கிறது. பின்னர் வரும் ஓய்வில், உணவின் துணையோடு, முன்னிருந்த நிலையைவிடச் சிறிது மேலாகத் தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது. சுமை மிகக் குறைவானால் உடல் மாறுவதற்குத் தேவை எழாது. சுமை மிகுந்து ஓய்வு குறைந்தால் சீரமைப்பு முடியுமுன்னே அடுத்த தளர்ச்சி வந்து சேரும். முதலில் வேகம் குறையும். பிறகு தூக்கமும் பசியும் கெடும். இறுதியில் காயம் ஏற்படும். முற்காட்சியில் கண்ட மாணவிக்கு நேர்ந்தது இதுவே.

ஆகவே, வாரந்தோறும் சுமையைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். கடும் பயிற்சி செய்த தசைக்கு அடுத்த கடும் பயிற்சிக்கு முன் ஏறத்தாழ இரண்டு நாள் இடைவெளி தருவது நலம். வளரும் பருவத்தினருக்கு எலும்புகளின் முனைகள் இன்னும் முதிராதிருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

நோவிலும் வேறுபாடு உண்டு. பயிற்சிக்கு மறுநாள் இரு தொடைகளிலும் பரவலாகத் தோன்றி ஓரிரு நாள்களில் மறையும் நோவு இயல்பானது. ஓரிடத்தில் மட்டும் கூர்மையாகத் தோன்றி, ஓட ஓட மிகும் நோவு ஓர் எச்சரிக்கை. அதனைக் கூறும் மாணவரைச் சோம்பேறி என்று கருதும் பயிற்றுநரிடம் அடுத்த முறை எவரும் உண்மை கூறமாட்டார். உண்மை மறைக்கப்படும் களத்தில் எந்தத் திட்டமும் பயன் தராது.

வலியறிதலில் உணவும் அடங்கும். மதியம் ஒரு மணிக்கு உண்டவர் மாலை ஐந்து மணிக்குப் பசித்த வயிற்றோடு நிற்பார். பயிற்சிக்கு ஒரு மணிநேரம் முன்பு ஒரு வாழைப்பழமோ, சிறிது வேகவைத்த பயறோ, ஒரு கடலை உருண்டையோ உண்ணச் செய்தல் எளிது. மாணவியரிடையே இரும்புச்சத்துக் குறைவு பரவலாகக் காணப்படுகிறது. காரணமின்றி ஒருவர் விரைவில் மூச்சு வாங்கினால், கூடுதல் சுற்று ஓடச் சொல்லாமல் குருதிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாதவிடாய் நாள்களில் உடல்நிலையைக் கேட்டறிந்து சுமையை மாற்றுவதும் திட்டத்தின் ஒரு பகுதியே. இதனைக் கூச்சமின்றிக் கூற வாய்ப்பாகப் பெண் ஆசிரியர் ஒருவர் உடனிருத்தல் நன்று.

காலமறிதல்

காலத்தை ஆண்டு, வாரம், நாள், நொடி என நான்கு அளவுகளில் பயிற்றுநர் எண்ணுகிறார்.

முதலில் ஆண்டு. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் எனப் போட்டிகள் படிப்படியாக அமைகின்றன. போட்டி நாளைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் வகுக்க வேண்டும். பன்னிரண்டு வாரங்கள் உள்ளன எனக் கொள்வோம். முதல் ஐந்து வாரங்கள் பொதுவான உடல்திறனுக்கு உரியவை. அடுத்த ஐந்து வாரங்கள் போட்டிக்குரிய வேகத்திற்கு உரியவை. இறுதி இரண்டு வாரங்களில் பயிற்சியின் அளவைக் குறைத்து, வேகத்தை மட்டும் குறையாமல் காக்க வேண்டும். இவ்வாறு ஆண்டைப் பருவங்களாகப் பகுக்கும் முறையை சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் 1960களில் கோட்பாடாக வகுத்தார். உழவர் நாற்றங்கால், நடவு, களை, அறுவடை எனப் பருவம் பகுப்பதை வைகைப் பாசன வயல்களில் காணும் நமக்கு இக்கருத்து புதியதன்று. அறுவடைக்கு முந்திய நாள் எவரும் உரமிடுவதில்லை.

அடுத்தது வாரம். கடும் நாளுக்குப் பின் எளிய நாள் வர வேண்டும். திங்களன்று குறுந்தொலைவு வேகம், செவ்வாயன்று மெல்லோட்டமும் வலிமைப் பயிற்சியும், புதனன்று போட்டி வேகம், வியாழனன்று ஓய்வு, வெள்ளியன்று புறப்பாடும் கோல் மாற்றமும், சனியன்று நீண்ட தாங்குதிறன் ஓட்டம், ஞாயிறன்று ஓய்வு என அமைக்கலாம். தேர்வு வாரத்தில் இவ்வமைப்பைத் தளர்த்த வேண்டும். இரவு விழித்துப் படித்தவரின் உடல், பகலில் ஓடிய உடலைப் போன்றே களைத்திருக்கும்.

மூன்றாவது நாள். சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டுவதுண்டு. அந்நாள்களில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்தல் நலம். விடுமுறைக்குப் பின் வெயிலில் ஓடத் தொடங்குபவருக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். தலைச்சுற்றலோ, பேச்சில் தடுமாற்றமோ தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நீரால் குளிர்வித்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

நான்காவது நொடி. ஓட்டத்தின் நொடிகளைப் போலவே ஓய்வின் நொடிகளும் அளக்கப்பட வேண்டியவை. 1930களில் ஜெர்மனியின் பயிற்றுநர் வோல்டெமார் கெர்ஷ்லர், இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெலுடன் இணைந்து, ஓட்டங்களுக்கு இடையிலான ஓய்வை ஆராய்ந்தார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 120 என்ற அளவிற்கு இறங்கிய பின்னரே அடுத்த ஓட்டம் என வரையறுத்தார். அவருடைய மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939ஆம் ஆண்டு 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடினார். அவ்வுலக சாதனை 1955 வரை நிலைத்து நின்றது.

இடனறிதல்

மதுரை ரேஸ்கோர்ஸ் பகுதியிலுள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் செயற்கை இழை ஓடுதளம் உள்ளது. சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளிலோ மண் தரையே களம். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலம் கோடையில் வெடிக்கும். மழையில் காலைப் பற்றும். எனவே, பயிற்சிக்கு முன் பயிற்றுநர் ஒருமுறை களத்தைச் சுற்றி நடந்து கல், கண்ணாடித் துண்டு, கருவேல முள், குழி ஆகியவற்றை அகற்றவோ குறியிடவோ வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களுக்கென வகுப்பறைத் தாழ்வாரத்தில் செய்யத்தக்க வலிமைப் பயிற்சிகளை முன்னரே எழுதி வைத்தல் நலம். வெறுங்காலில் பழகியவருக்குப் புதிய காலணி கிடைத்தால் முதல் நாளிலேயே முழுப் பயிற்சியும் அதனோடு செய்வித்தல் கூடாது. பாதமும் கெண்டைக்காலும் பழக நாள்கள் தேவை.

களத்திற்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள தொலைவும் இடனறிதலில் அடங்கும். கடைசிப் பேருந்து ஏழு மணிக்கு என்றால், ஆறரை மணிக்குப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். குறித்த நேரத்தில் மகள் வீடு திரும்பினால் பெற்றோரின் நம்பிக்கை வளரும். பயிற்சி முடியும் நேரம் என்பது பயிற்றுநர் அவ்வீட்டாருக்கு அளிக்கும் வாக்குறுதி.

ஒரு மாலையின் திட்டம்

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் 400 மீட்டரை 64 நொடியில் ஓடுகிறார் என எடுத்துக்கொள்வோம். முதல் 200 மீட்டருக்கு 29 நொடியும், அடுத்த 200 மீட்டருக்கு 35 நொடியும் ஆகின்றன. தொடக்கத்திலேயே ஆற்றலைச் செலவிட்டு இறுதியில் தளர்கிறார். 400 மீட்டரின் கடைசிப் பகுதியில் உலக வீரர்களும் வேகம் குறைவர். தசைகளில் அமிலத்தன்மை மிகுவது அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. குறைவாகத் தளர்பவரே முந்துவார். எனவே, அன்றைய நோக்கம் முதல் 200 மீட்டரை 31 நொடியில் ஓடப் பழகுதல்.

1. உடலைப் பதப்படுத்துதல், 15 நிமிடம்: மெல்லோட்டம், மூட்டுகளை அசைவோடு தளர்த்தும் பயிற்சிகள், 60 மீட்டர் தொலைவைச் சீராக வேகம் கூட்டி மூன்று முறை ஓடுதல்.
2. ஓட்ட நுட்பம், 10 நிமிடம்: முழங்காலை உயர்த்தி ஓடுதல், கைவீச்சைச் சீராக்கல்.
3. முதன்மைப் பயிற்சி, 20 நிமிடம்: 200 மீட்டரை 31 நொடி வீதம் நான்கு முறை ஓடுதல். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையே 6 நிமிடம் நடந்தவாறே ஓய்வு.
4. வலிமைப் பயிற்சி, 10 நிமிடம்: உடல் எடையைக் கொண்டே செய்யும் வயிறு, முதுகு, தொடைப் பயிற்சிகள்.
5. உடலைத் தளர்த்துதல், 10 நிமிடம்: நடை, மெல்லோட்டம், நிலைத்த தசை நீட்சி.
6. கலந்துரையாடலும் குறிப்பேடும், 5 நிமிடம்.

மொத்தம் 70 நிமிடம். இத்திட்டத்தில் இன்னொரு வரியும் எழுதப்பட வேண்டும்: "மூன்றாம் ஓட்டம் 33 நொடியைக் கடந்தால் நான்காவது ஓட்டம் இல்லை." எப்போது நிறுத்துவது என்பதை ஆர்வம் மிகுந்த வேளையில் முடிவு செய்ய இயலாது. ஆகவே, அதனை முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

53.55 நொடியில் 400 மீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7.5 மீட்டர் வேகம். கலப்புத் தொடரோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது டோக்கியோவில்தான். 2020ஆம் ஆண்டிற்குரிய அப்போட்டிகள் கொரோனா பெருந்தொற்றால் 2021இல் நடைபெற்றன. இந்திய அணி தன் தகுதிச் சுற்றை 3 நிமிடம் 19.93 நொடியில் ஓடி முடித்தது. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை.

குறிப்பேடும் மறுசிந்தனையும்

திட்டம் எழுதப்பட்டது போலவே, நடந்ததும் எழுதப்பட வேண்டும். ஓடிய நேரம், வெப்பநிலை, முந்திய இரவு உறங்கிய மணிநேரம், உடலில் நோவு, பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என மாணவர் பத்துக்கு இடும் மதிப்பெண் ஆகிய ஐந்து செய்திகள் போதும். ஒரே 31 நொடி ஓட்டத்திற்குச் சென்ற வாரம் ஆறு மதிப்பெண் இட்டவர் இவ்வாரம் ஒன்பது இட்டால், கடிகாரம் காட்டாத களைப்பைக் குறிப்பேடு காட்டிவிடும். அன்று மாலைத் திட்டத்தை மாற்றும் துணிவு பயிற்றுநருக்கு வேண்டும். தாம் எழுதிய திட்டத்தின்மீது கொண்ட பற்றினால் எதிரே நிற்கும் மாணவரைக் காணத் தவறக்கூடாது.

தெரிந்து வினையாடல்

ரேவதி தொடக்கத்தில் 100, 200 மீட்டர் ஓட்டங்களிலேயே பங்கேற்றார். பாட்டியாலாவின் தேசியப் பயிற்சி முகாமில் இருந்த பயிற்றுநர் கலினா புகாரினா, 400 மீட்டருக்கு மாறுமாறு அறிவுறுத்தினார். அவர் 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற சோவியத் அணியின் வீராங்கனை. தாம் வளர்த்த மாணவியின் பாதையை மற்றொருவர் மாற்ற முன்வந்தபோது, கண்ணன் அதற்கு இசைந்தார். அந்த மாற்றமே டோக்கியோவிற்கு வழி திறந்தது. தம் உழைப்பின் பயனை மாணவரிடம் மட்டுமே தேடும் பயிற்றுநரால்தான் இவ்வாறு இசைய முடியும்.

களத்திற்கு வரும் அனைவரும் ஒலிம்பிக்கிற்குச் செல்வதில்லை. ஆயினும், காயமின்றி ஓடவும், உடலின் குரலைக் கேட்கவும், நோக்கம் வைத்து உழைக்கவும், ஓய்வின் மதிப்பை உணரவும் ஒவ்வொருவரும் கற்கலாம். நாளை உங்களுள் சிலர் உடற்கல்வி ஆசிரியராகலாம். சிலர் ஊர் இளைஞர்களுக்குக் கபடி கற்றுத் தரலாம். சிலர் தங்கைக்கு மிதிவண்டி ஓட்டப் பழக்கலாம். பழக்குபவர் யாராயினும், பழகுபவரின் வலியை அறிந்து தொடங்குவது அவருடைய முதற்கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியருடன் கலந்துரையாடி, நீங்கள் விரும்பும் விளையாட்டிற்கு 60 நிமிடப் பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதுக. அதன் நோக்கத்தை ஒரே தொடரில் குறிப்பிடுக.
2. உங்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றிப் பார்த்து, பயிற்சிக்கு இடையூறானவற்றைப் பட்டியலிட்டு, தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.

குறுவினா

1. பயிற்சி முடியும் நேரத்தை வாக்குறுதி எனப் பாடம் கூறுவது ஏன்?
2. இயல்பான நோவிற்கும் எச்சரிக்கை நோவிற்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா

1. பயிற்றுநர் காலத்தை எண்ணும் நான்கு அளவுகளை விளக்குக.
2. பயிற்சிக் குறிப்பேட்டின் இன்றியமையாமையை எழுதுக.

நெடுவினா

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவை விளையாட்டுப் பயிற்சிக்குப் பொருந்துமாற்றை ரேவதி வீரமணியின் வாழ்வோடு இணைத்துக் கட்டுரைக்க.